யூட்ரோஃபிகேஷன்: ‘நீர்கொழுத்தல்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். நீர்நிலையில் சத்துகள் மிகுந்து பாசி பெருகி நீர் கெடுவதை ஆங்கிலத்தில் ‘யூட்ரோஃபிகேஷன்’ என்கிறார்கள். அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்பதே இங்குள்ள கேள்வி.

இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘நற்போசணையாக்கம்’, ‘நல்ல ஊட்டம்’ என்னும் பொருள் கொண்ட கிரேக்க மூலத்துக்கு நேர்மையானது என்பதை மறுக்கவில்லை. சுவீடன் நாட்டு ஏரியியல் அறிஞர் நௌமான் 1919-இல் ஏரிகளை வகைப்படுத்தியபோது ‘யூட்ரோஃபிக்’ என்பது சத்து மிகுந்த ஏரியின் நிலையைக் குறித்ததே தவிர, கேட்டைக் குறிக்கவில்லை. ஆனால் இன்று அச்சொல் ஒரு சீர்கேட்டின் பெயராகிவிட்ட நிலையில், ‘நல்’ என்னும் முன்னொட்டு படிப்பவரைத் தவறான திசைக்கே அனுப்புகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இடத்தை வைத்துச் சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். அயோவா, இல்லினாய் மாநிலங்களின் மக்காச்சோள வயல்களில் பயிர் எடுத்தது போக எஞ்சிய நைட்ரேட், மண்ணுக்கடியில் பதித்த வடிகுழாய்கள் வழியே ஓடைகளுக்கும், அங்கிருந்து பெரிய ஆற்றுக்கும் வருகிறது. கடலோர நீரில் பாசியின் பெருக்கத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தி வைத்திருப்பது தழைச்சத்துப் (நைட்ரஜன்) பற்றாக்குறையே என்பதால், இந்த நைட்ரேட் வந்து சேர்ந்ததும் பாசி பெருகி, மடிந்து அடியில் படிந்து, அதை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. கோடையில் இலேசான ஆற்றுநீர் மேலும் கனத்த உப்புநீர் கீழுமாக அடுக்குப் பிரிந்து நிற்பதால் மேற்பரப்பின் காற்று அடிக்கு எட்டுவதில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் குறைவான ஆக்சிஜன் கொண்ட இப்பரப்பு, 2017-இல் ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டராக விரிந்திருந்தது. 1985-இல் அளவிடத் தொடங்கியதிலிருந்து அதுவே மிகப் பெரியது. நீந்த வல்லவை ஓடித் தப்புகின்றன, நகர முடியாதவை மாள்கின்றன. ஆகவே இப்பரப்புக்கு வழங்கும் ‘இறந்த மண்டலம்’ என்ற பெயரும் முழு உண்மையன்று, ஆனால் அது வேறு விவாதம்.

‘தழைச்சத்து மிகை’ என்று வைக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று: நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் மணிச்சத்தே (பாஸ்பரஸ்) இதைத் தூண்டுகிறது, எனவே சொல் ஒரு சத்தின் பெயரில் கட்டுண்டிருக்கக் கூடாது. ‘மிகையூட்டம்’ பொருளால் சரியே, ஆயினும் மருத்துவத்தில் அளவுக்கு மீறிய உணவைக் குறிக்க ஏற்கெனவே கைக்கொண்ட சொல் அது.

யூரியாவை அள்ளிப் போட்ட நெற்பயிர் கரும்பச்சையாகத் தழைத்துச் சாயும்போது, பயிர் கொழுத்துவிட்டது என்கிறோம். வளமும் அதன் மிகையால் வரும் கேடும் அவ்வொரு வினையிலேயே இருக்கின்றன. ‘கொழுப்பெடுத்தவன்’ என்ற வசவும் அவ்வழி வந்ததுதான். ஆகவே ‘நீர்கொழுத்தல்’ என்று முன்மொழிகிறேன். எழுவாய்த் தொடராதலால் ஒற்று மிகாது. ‘நீர்க்கொழுப்பு’ என்றால் நீரில் மிதக்கும் நெய்ப்பசை என்று வேதியியலார் கொள்வர். ‘நீர்க்கொழுமை’யோ இலங்கை நண்பர்களுக்கு நீர்கொழும்பு நகரத்தை நினைவூட்டிச் சிரிப்பு வரவழைக்கும்.

இதிலிருந்து ‘நீர்கொழுத்த கழிமுகம்’ போன்ற தொடர்கள் இடரின்றி அமைகின்றன. ஏரி வகைப்பாட்டில், சத்து மிகுந்ததைக் ‘கொழுநீர் ஏரி’ என்றும் சத்துக் குறைந்ததை ‘மெலிநீர் ஏரி’ என்றும் இணையாக வைக்கலாம். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வகைக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை: ‘இடைநீர்’ என்றால் ஆழத்தைச் சொல்வதாகிவிடுகிறது, ‘நடுத்தர’ என்பதோ தரத்தை இழுத்து வருகிறது. யாரேனும் கைகொடுங்கள்.