வீட்டு வேலைகளை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக மருத்துவர் எச்சரித்ததால், கடந்த மூன்று மாதங்களாகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் உண்பதையெல்லாம் விடாமல் எழுதி வருகிறேன். தொடங்கும்போது அந்தச் செயலி அன்றாட உழைப்பு எப்படிப்பட்டது என்று கேட்டது. வேலைக்குச் செல்லாவிட்டாலும் காலை ஐந்து மணி முதல் நின்றபடியே இருப்பவள் என்பதால் ‘இலேசான உழைப்பு’ என்று குறித்தேன். எனக்கு நாளொன்றுக்கு 1772 கலோரி செலவாகிறது, எடை குறைய அதில் 500 குறைத்து 1272 கலோரி உண்ண வேண்டும் என்று அது கணக்கிட்டுத் தந்தது.

உடற்பயிற்சிப் பகுதியில் வீட்டு வேலைகளுக்கும் இடம் இருப்பதைப் பார்த்து, அவற்றையும் நாள்தோறும் பதிந்தேன். வீட்டைப் பெருக்கித் துடைக்க 45 நிமிடம், அதற்கு 173 கலோரி; பாத்திரம் துலக்க அரை மணி நேரம், 61; சமையலுக்கு இரண்டு மணி நேரம், 272. மொத்தம் 506 கலோரியை அந்தச் செயலி என் உணவு அளவோடு கூட்டி, 1778 வரை உண்ணலாம் என்று காட்டுகிறது. அந்த எல்லையை நான் ஒருநாளும் மீறவில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் குறைந்தது அரைக் கிலோதான்.

வீட்டு வேலை உடற்பயிற்சியே ஆகாது என்கிறார் என் கணவர். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் இவ்வளவு வியர்க்காது என்கிறார் என் அக்கா. வியர்ப்பது உண்மை, எடை குறையாததும் உண்மை. இவற்றைக் கணக்கில் சேர்ப்பது சரியா, தவறா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

எண்ணும் எழுத்தும்

சகோதரி, நீங்கள் எழுதிய எண்களில் பிழை இல்லை. ஒரே உழைப்பு இரண்டு இடங்களில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எண்களைக் கொடுத்திருப்பதால் அவற்றைக் கொண்டே விளக்கிவிடுகிறேன்.

1990இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி, எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும், பெண்களுக்கு மேலும் 161ஐயும் கழிக்க வேண்டும். உங்களுக்கு அது 1289 கலோரி வருகிறது. நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் உடற்சூட்டுக்கும் ஆகும் செலவு இது. பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு இதை 1.2ஆல் பெருக்குவார்கள், 1547 வரும். இலேசான உழைப்பு உள்ளவருக்கு 1.375ஆல் பெருக்குவார்கள், உங்கள் செயலி காட்டிய 1772 இப்படி வந்ததுதான். இரண்டுக்கும் இடையே உள்ள 225 கலோரி, உங்கள் பெருக்கலுக்கும் சமையலுக்கும் நிற்றலுக்கும் முன்கூட்டியே தரப்பட்ட பங்கு. அதன் மேல் மீண்டும் 506ஐக் கூட்டியதுதான் முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல் அந்த 506க்குள்ளேயே இருக்கிறது. செயலிகள் பயன்படுத்தும் வேலைவாரிக் கணக்குக்கு அடிப்படை, பார்பரா எய்ன்ஸ்வொர்த்தும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்டு, பின்னர் 2000, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட உடலுழைப்புத் தொகுப்பு. அதில் ‘மெட்’ என்ற அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மெட். அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கலோரி. சமையலுக்கு 2 மெட் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு 272 என்று உங்கள் செயலி எழுதிவிட்டது. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் நாற்காலியில் அமர்ந்திருந்தாலே 136 செலவாகியிருக்கும். சமைத்ததால் கூடுதலாக ஆனது மீதி 136 மட்டுமே. இப்படி ஓய்வின் பங்கைக் கழித்துப் பார்த்தால் பெருக்கித் துடைப்பதற்கு 122, பாத்திரத்துக்கு 27, சமையலுக்கு 136 என, மொத்தம் 285தான் வருகிறது.

இப்போது உட்கார்ந்திருப்பவருக்கான 1547உடன் இந்த 285ஐக் கூட்டிப் பாருங்கள்: 1832. செயலி முதலிலேயே கொடுத்த 1772க்கு மிக அருகில் வந்துவிட்டோம். ஆக, உங்கள் வீட்டு வேலை முதல் நாளே கணக்கில் ஏறிவிட்டது. செலவு ஏறத்தாழ 1830, உண்டது 1778, நாளொன்றுக்குக் குறைந்தது வெறும் 50 கலோரி. தொண்ணூறு நாளில் அது 4500 சொச்சம் ஆகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7700 கலோரி வேண்டும் என்பதால், அரைக் கிலோ குறைந்தது கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது.

என் பரிந்துரை இதுதான். ‘இலேசான உழைப்பு’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அன்றாட வீட்டு வேலைகளைத் தனியாகப் பதிவதை நிறுத்திவிடுங்கள். போகிக்கு முன்பு ஒட்டடை அடித்துப் பரணைக் காலி செய்வது, வீடு மாற்றுவது போன்ற வழக்கத்துக்கு மீறிய நாட்களை மட்டும் எழுதலாம். அப்போதும் செயலி காட்டுவதில் பாதியைக் கொள்வது நல்லது. கூடவே ஒன்று: 1272 என்பது உங்கள் உடல் ஓய்வாக இருக்கும்போது கேட்கும் அளவைவிடவும் குறைவு. மருத்துவரைக் கலந்துகொண்டு, 500க்குப் பதிலாக 300 மட்டும் குறைத்து, ஏறத்தாழ 1470 கலோரியில் நின்றால் நீண்ட நாள் தொடர முடியும்.

மலைச்சாரல்

மேலே உள்ள கணக்கை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கலோரிக்கு எவ்வளவு வரவு வைப்பது என்பது ஒரு கேள்வி. இதயத்துக்கும் தசைக்கும் அது பயிற்சியாகுமா என்பது வேறொரு கேள்வி. கணவரும் அக்காவும் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

உலகச் சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது; அதில் வீட்டு வேலையையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் நீக்கிவிட்டார்கள். மிதமான உழைப்பு என்பது 3 மெட்டிலிருந்து தொடங்குகிறது. பெருக்குவதும் துடைப்பதும் 3.3, 3.5 என்று அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. மண்டியிட்டுத் தரையை அழுத்தித் தேய்ப்பது 6.5 வரை போகிறது. பாத்திரம் துலக்குவதும் துணிக்கு இஸ்திரி போடுவதும் 1.8, சமையல் 2. இவை அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. வீட்டு வேலை என்று ஒரே சொல்லில் அழைத்துவிடுகிறோம். உடலோ அவற்றை வெவ்வேறு வேலைகளாகவே எடுத்துக்கொள்கிறது.

இதை நான் என் அம்மாவிடம் கண்கூடாகப் பார்த்தேன். அவருக்குச் சர்க்கரை நோய் வந்தபோது, உடற்பயிற்சி உண்டா என்று மருத்துவர் கேட்டதற்கு, நாள் முழுவதும் வீட்டு வேலைதானே என்று அவரும் கூறினார், நாங்களும் கூறினோம். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருடனேயே இருந்து, ஒவ்வொரு வேலையின் நடுவிலும் மணிக்கட்டைப் பிடித்து, பதினைந்து விநாடிக்கு நாடியை எண்ணி நான்கால் பெருக்கினேன். பாத்திரம் துலக்கும்போது 84. கூடத்தை மண்டியிட்டுத் துடைக்கும்போது 116. ஈரத் துணி நிறைந்த வாளியுடன் மொட்டை மாடிப் படி ஏறி நின்றபோது 128. அப்போது அவரால் பேச முடிந்தது, ஆனால் வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கியது. அப்படிப்பட்ட உழைப்பு அந்த நாள் முழுவதிலும் இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை. மற்ற பதினோரு மணி நேரமும் அவர் களைத்திருந்தார், கால் வீங்கியிருந்தது, ஆனால் இதயத்துக்கு வேலை வரவில்லை. நின்று நின்று வரும் களைப்பையும் பயிற்சியால் வரும் களைப்பையும் நாங்கள் ஒன்றாக எண்ணிவிட்டோம்.

வட அயர்லாந்தில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய தகவலைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்றும் இதைத்தான் காட்டியது. வீட்டு வேலையையே தங்கள் உடலுழைப்பாகக் கூறியவர்களில், அந்த வேலை நேரம் கூடக்கூட உடல் எடையும் கூடியே இருந்தது. வேலையின் கடுமையை மிகையாக மதிப்பிடுவதும், அதை நம்பிக் கூடுதலாக உண்பதும் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

எனக்கு இதில் மனம் வலிப்பது வேறொரு காரணத்தால். “நாள் முழுக்க வேலை செய்கிறாள், அவளுக்குத் தனியாக நடைப்பயிற்சி எதற்கு” என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூறினோம். அந்தச் சொல் அம்மாவைப் பாராட்டுவது போல இருந்தது; உண்மையில் அது அவருடைய அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. இப்போது மாலை ஆறு மணிக்கு அவர் நடக்கச் செல்கிறார். இரவுக்கான இட்லியை அண்ணன் ஊற்றி வைக்கிறார். காவிரிக்கரை அவர்களே, உங்கள் வீட்டிலும் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஊருணிக்கரை

இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இங்கு பேசப்படும் வீட்டு வேலை குழாயும் கிரைண்டரும் எரிவாயு அடுப்பும் உள்ள வீட்டு வேலை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் சித்தி, கோடையில் முக்கால் கிலோமீட்டர் நடந்து ஊற்றில் அகப்பையால் நீர் சேந்தி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வருவார். பிறகு கருவேல விறகு வெட்டுவார். அவரிடம் போய் இதெல்லாம் இலேசான உழைப்பு என்று எந்தச் செயலியும் கூற முடியாது. மாவு அரைப்பது என்ற அதே சொல், ஆட்டுக்கல்லில் தோளும் முதுகும் சேர்ந்து முக்கால் மணி நேரம் சுழன்ற வேலையையும் குறித்தது. இன்று பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பதையும் குறிக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வாழ்க்கையானால் 1660 கலோரி, மிதமான உழைப்பானால் 2130, கடும் உழைப்பானால் 2720 என்று பிரித்திருக்கிறார்கள். முதலுக்கும் கடைசிக்கும் இடையே 1060 கலோரி இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது வீட்டு வேலை சேருமா சேராதா என்பதைவிட, யாருடைய வீட்டு வேலை, எந்தக் கருவியோடு என்பதுதான். சித்தி போன்றவர்களுக்கு முதல் கேள்வியிலேயே உழைப்பின் படியை உயர்த்திக் குறிப்பதே முறை. அதற்குப் பின் தனிப் பதிவு தேவையில்லை என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இதைத் தீர்த்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரிச் செலவிலோ, இருந்தவற்றுள் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. வீட்டு வேலையில் இந்தக் கோளாறு இன்னும் கூடும். பாத்திரம் துலக்கும் கை ஆடுவதை அது நடையாக எண்ணக்கூடும். இரு கையிலும் வாளி தூக்கி நடக்கும்போது கை ஆடாததால் அந்த நடையைத் தவறவிடவும் கூடும்.

காவிரிக்கரை

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மலைச்சாரல் எழுதியதைப் படித்த பிறகு, இந்த வாரம் அடுக்களைக் கடிகாரத்தை வைத்து என் வேலையை நேரம் பார்த்தேன். பெருக்கித் துடைக்க 45 நிமிடம் என்று மூன்று மாதமாக எழுதி வந்தது உண்மையில் 28 நிமிடம்தான். இடையே பால் பொங்க வருகிறது, மணி அடிக்கிறது, கைப்பேசியை எடுக்கிறேன். தொடங்கிய நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் இடையே இருந்தவற்றையெல்லாம் வேலையாகவே எண்ணியிருக்கிறேன். என் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். மாலையில் பாத்திரத்தைத் தாம் பார்த்துக்கொள்வதாகக் கூறியிருக்கிறார். அந்த நேரத்தில் நடக்கச் செல்லலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. அந்த நடையையாவது செயலியில் எழுதலாமா? இனி பாத்திரம் துலக்காததால் உழைப்பின் படியைக் குறைக்க வேண்டுமா?

எண்ணும் எழுத்தும்

படியைக் குறைக்க வேண்டாம். பாத்திரத்தின் பங்கு 27 கலோரிதான், அரை மணி நேர நடை அதை எளிதாக ஈடுகட்டிவிடும். நடையை நிமிடக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், வாரத்துக்கு 150 ஆகிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் அதற்காக உணவைக் கூட்ட வேண்டாம். உங்களுக்கு இரத்தச் சர்க்கரையே முதன்மைக் கவலை என்பதால், முடிந்தால் இரவு உணவு முடிந்த கையோடு நடங்கள். உண்டபின் தசைகள் இயங்கும்போது அவை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் அதே வழிகாட்டுதலில் உண்டு. பெருக்கலும் துடைத்தலும் அதை ஈடு செய்யாது.

நாள்தோறும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நான்கு வாரம் கழித்தும் சராசரி அசையவில்லை என்றால் 1470இலிருந்து நூறு கலோரியைக் குறைத்துப் பார்க்கலாம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் நூறைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்களோடு இங்கே மீண்டும் எழுதினால் சேர்ந்து பார்ப்போம்.