ஆன்தியாஸ் இளைக்குது, பாசி கொழுக்குது: தீனியைக் கூட்டவா, குறைக்கவா?

தோபாயோ வாசி

வணக்கம். ரீஃப் தொட்டி (பவளமும் மீனும் வளரும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் வழி சொல்லுங்கள். இடம் சிங்கப்பூர்.

தொட்டி நாலடி. சம்ப்பையும் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) சேர்த்து, பாறை மணலைக் கழித்தால் தண்ணீர் சுமார் 320 லிட்டர். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. மீன்களில் க்ளவுன் ஒரு ஜோடி, லயர்டெயில் ஆன்தியாஸ் ஐந்து (ஆண் ஒன்று, பெண் நாலு), மஞ்சள் டாங் ஒன்று, ராயல் கிராமா ஒன்று, பிளென்னி ஒன்று, க்ளீனர் இறால் ரெண்டு. பவளத்தில் ஸோவா, டார்ச், ஹாம்மர், கொஞ்சம் மான்டிபோரா.

வேலை முடிந்து வந்ததும் உறைந்த மைசிஸ் (பொடி இறால் போன்ற தீனி) ஒரு க்யூப் போடுவேன். பாறையில் பச்சை முடிப்பாசி வந்தது. கடையில் கேட்டேன், "தீனி அதிகம், ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க" என்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே செய்து பார்த்துவிட்டேன். பாசி குறையவே இல்லை. பெண் ஆன்தியாஸ் இரண்டுக்கு வயிறு ஒட்டிப்போய், தலைக்குப் பின்னால் முதுகுச் சதையும் வற்றித் தெரிகிறது.

உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26. பாசிக்குத் தீனியாகும் இரண்டில் நைட்ரேட் 1, பாஸ்பேட் 0.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்புத் துகள்) போட்டால் பாஸ்பேட் 0.06க்கு இறங்குகிறது. எடுத்துவிட்டால் நாலைந்து நாளில் பழையபடி 0.25.

மீனைப் பார்த்தால் கூட்டச் சொல்கிறது, பாசியைப் பார்த்தால் குறைக்கச் சொல்கிறது. எதைக் கேட்பது?

பாறைமீன்

ப்ரோ, ஒரு மீனும் ஒரு வாரம் பட்டினி கிடந்து செத்ததில்லை. நான் வாரம் மூணு தடவைதான் போடுறேன், க்ளவுன் ரெண்டும் குண்டா இருக்கு. இன்னும் குறைங்க, பாசி தானா போகும்.

உப்புத்தண்ணி அக்கா

பாறைமீன் தம்பி, உங்க தொட்டியில இருக்கிறது க்ளவுன். அது எதையும் தின்னும், கிடைக்காத நாள்ல சும்மாவும் கிடக்கும். ஆன்தியாஸ் அந்த ஜாதி இல்ல. கடல்ல பாறைக்கு மேல கூட்டமா நின்னுக்கிட்டு, நீரோட்டத்துல வர்ற மிதவை உயிர்களை விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் ஒண்ணொண்ணா கொத்தித் தின்னுற மீன் அது. நாள் பூரா நீந்துது. ரெண்டு நாளைக்குச் சேர்த்து ஒரே வேளையா குடுத்தா வாங்கி வெச்சுக்க அதுக்கு வயிறு கிடையாது. முதுகுச் சதை வத்திப்போச்சுன்னா அது நேத்து பசி இல்ல, வாரக்கணக்குல பசி. இன்னைக்கே ஒருநாள் விட்டு ஒருநாளை நிறுத்துங்க. பாசியைப் பிறகு பாத்துக்கலாம்.

தோபாயோ தம்பி, மூணு கேள்வி. வேலை முடிஞ்சு வந்தா மணி என்ன? விளக்கு எப்ப அணையுது? க்யூப்பை எப்படிப் போடுறீங்க, கரைச்சா, அப்படியேவா?

தோபாயோ வாசி

நன்றி அக்கா. வீடு வர எட்டரை ஒன்பது ஆகிவிடும். வெள்ளை விளக்கு எட்டு மணிக்கே மங்கத் தொடங்கும், பிறகு நீலம் மட்டும், ஒன்பதரைக்கு முழு இருட்டு. க்யூப்பை அப்படியே மேலே போட்டுவிடுவேன். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப்பும் அலை பம்ப்பும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உப்புத்தண்ணி அக்கா

அப்ப உங்க ஆன்தியாஸ் சாப்பிடவே இல்ல தம்பி. அந்த நேரத்துக்கு அதுங்க பாறைப் பொந்துல படுக்கப் போயிருக்கும். கட்டி கரையறதுக்குள்ள க்ளவுனும் டாங்கும் ஆளுக்கு ஒரு வாய் பிச்சுக்கும். மிச்சத்துல பாதி, தண்ணி வழிஞ்சு இறங்குற ஓவர்ஃப்ளோ வழியா சம்ப்புக்கு, மீதி இறாலுக்கு. அடியில விழுந்ததைப் போயி பொறுக்குற பழக்கம் ஆன்தியாஸுக்கு அநேகமா கிடையாது, நடுத்தண்ணியில மிதந்து வரணும்.

நான் செய்யறது இது. ஒரு கிண்ணத்துல தொட்டித் தண்ணியே எடுத்து க்யூப்பைக் கரைய விடுங்க. ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்துங்க. அலை பம்ப்பை நிறுத்தாதீங்க, குறைச்சு வைங்க. சமையலுக்கு வாங்குற பெரிய பிப்பெட் இருந்தா போதும், அலை பம்ப் முன்னால கொஞ்சங்கொஞ்சமா விடுங்க. அது தின்னு முடிஞ்சதும் அடுத்த சொட்டு. "ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அந்தக் கணக்குல முரடன் ரெண்டு பங்கு தின்னுருவான், கூச்சக்காரிக்கு ஒண்ணும் மிஞ்சாது. தொட்டி மொத்தமா எவ்வளவு தின்னுச்சுன்னு பாக்காதீங்க. இளைச்ச அந்த ரெண்டும் தின்னுச்சான்னு பாருங்க.

விளக்கையும் ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க. காலையில லேட்டா எரியட்டும், ராத்திரி பதினொண்ணரை வரைக்கும் இருக்கட்டும். மீனுக்கு நீங்க சொல்றதுதான் நேரம்.

கொளத்தூர்க்காரன்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. தண்ணி எதுல செய்றீங்க தலைவா? இங்க சென்னையில வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணியில உப்புக் கலந்துட்டு, பாசி பாசின்னு புலம்புறவங்க நெறைய. அந்த மெஷின்ல டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும். குடிக்க ருசியா இருக்கணும்னு வடிகட்டாத தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடும். நம்ம வேலைக்கு அது ஆகாது.

நம்மது மீன் மட்டும் உள்ள தொட்டி. கல்பவளம் இந்தியாவுல வனவிலங்குச் சட்டத்தோட முதல் பட்டியல்ல இருக்கு, அதனால அந்த ஆசையை விட்டாச்சு. பவளம் இல்லாததால பாஸ்பேட் பத்திப் பெருசா கவலைப்பட்டதில்ல, தீனி தாராளம்தான்.

தோபாயோ வாசி

ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. உருளையும் இருக்கிறது. மீட்டரில் பூஜ்யம். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் வருவதால் கார்பனையும் தவறாமல் மாற்றுகிறேன். தண்ணீர் மேல் சந்தேகம் இல்லை.

கணக்குப்பிள்ளை

துபாயிலிருந்து எழுதுகிறேன். தீனியை எடை போட்டுப் பேசினால் பாதிக் குழப்பம் தீரும்.

மைசிஸ் க்யூப் ஒன்று சுமார் மூன்றரை கிராம். அதில் பெரும்பங்கு தண்ணீர், உலர்ந்த பொருள் அரை கிராமுக்குள்தான். மீன் தீனியில் பாஸ்பரஸ் உலர் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம். பாஸ்பரஸை பாஸ்பேட்டாக மாற்ற மூன்றால் பெருக்குங்கள். ஆக ஒரு க்யூப் முழுவதும் தண்ணீரில் கரைந்தாலும் சுமார் 15 மில்லிகிராம் பாஸ்பேட். 320 லிட்டருக்கு 0.05 பிபிஎம்கூட இல்லை.

நாலைந்து நாளில் நீங்கள் போடுவது இரண்டு க்யூப், அதிகம் போனால் மூன்று. ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) எடுப்பது, மீன் உடம்பில் சேர்வது, பாசி குடிப்பது எதையுமே கழிக்காமல் பார்த்தாலும் 0.14. உங்கள் பாஸ்பேட் அதே நாட்களில் 0.19 ஏறுகிறது. தீனி மட்டும் காரணம் என்றால் கணக்கு இடிக்கிறது.

இன்னொன்று. தீனியில் பாஸ்பேட் ஒரு பங்கு வந்தால் நைட்ரேட் பத்துப் பன்னிரண்டு பங்கு வரும். 0.19 பாஸ்பேட் தீனியிலிருந்து வந்திருந்தால் நைட்ரேட்டும் இரண்டைத் தாண்டி அசைந்திருக்க வேண்டும். பாறைக்குள் நைட்ரேட் வாயுவாகிப் போய்விடும் என்பது உண்மைதான், பாஸ்பேட்டுக்கு அந்த வழி கிடையாது. இருந்தாலும் மீனைப் பட்டினி போட்டு நைட்ரேட்டை ஒன்றில் வைத்துக்கொண்டு, பாஸ்பேட் மட்டும் நிற்காமல் ஏறுவது எனக்கு உறுத்துகிறது.

க்யூப் தவிர அந்தத் தொட்டிக்குள் வேறு என்ன போகிறது? எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

தோபாயோ வாசி

வாரம் இரண்டு முறை பவளத்துக்கென்று விற்கும் தூள் உணவு, ஒவ்வொரு முறையும் அரை டீஸ்பூன், டார்ச்சுக்கும் ஸோவாவுக்கும். மீன் தீனி இல்லை என்பதால் மேலே எழுதவில்லை. வேறு எதுவும் இல்லை. பாறை, தொட்டியைக் கலைத்த ஒருவரிடமிருந்து வாங்கியது. காய்ந்த நிலையில் வந்தது, கழுவித்தான் அடுக்கினேன்.

கணக்குப்பிள்ளை

தூள் முழுக்க உலர்ந்தது. ஒரு கிராம் தூளில் இருக்கும் பாஸ்பேட், இரண்டு க்யூப் மைசிஸில் இருப்பதற்குச் சமம். அரை டீஸ்பூன் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கும். தொட்டிக்குப் பவளம் மீன் என்ற பேதமெல்லாம் தெரியாது. மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், தூளுக்கு வாரம் இருமுறை. அப்படியானால் மீன் தீனியைவிடத் தூள்தான் அதிகமாக உள்ளே போயிருக்கிறது! டார்ச்சும் ஹாம்மரும் ஒளியிலேயே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மீன் கழிவும் அவற்றுக்கு உணவுதான். தூளை நிறுத்துங்கள்.

காய்ந்த பாறை என்றதும் இன்னொரு சந்தேகம். பாஸ்பேட் சுண்ணாம்புப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் பாறை விடும், கூடினால் பிடித்துக்கொள்ளும். பழைய உரிமையாளர் கொட்டிய தீனிக்கெல்லாம் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். கழுவினால் போகாது. பவளம் ஒட்டாத ஒரு கல்லைப் பாசி தேய்த்தெடுத்து, புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர் வாளியில் சின்ன பம்ப்போடு சில நாள் வையுங்கள். முன்னும் பின்னும் பாஸ்பேட்டை அளந்து பாருங்கள்.

பாறைமீன்

க்யூப்பைக் கழுவிப் போட்டா பாஸ்பேட் குறையும்னு சொல்றாங்களே?

கணக்குப்பிள்ளை

சதைக்குள் இருப்பதுதான் அதிகம், கரைந்த நீரில் இருப்பது சொற்பம். கொட்டிவிட்டுப் போட்டால் நஷ்டமில்லை, ஆனால் அதை நம்பித் தொட்டியை நடத்த முடியாது.

தோபாயோ வாசி

தூளை நிறுத்தி, விளக்கைத் தள்ளி வைத்து, அக்கா சொன்ன மாதிரி பிப்பெட்டில் தினமும் போடுகிறேன். ஆன்தியாஸ் ஐந்தும் முன்னால் வந்து நிற்கின்றன. இளைத்த இரண்டில் ஒன்று நன்றாகக் கொத்துகிறது, மற்றதை ஆண் துரத்துகிறது.

வாளிச் சோதனையும் முடிந்தது. புதுத் தண்ணீர் 0.01. கல் வைத்துச் சில நாள் கழித்து 0.38. தொட்டியில் ஜி.எஃப்.ஓ. இல்லாமல் இப்போது 0.19, நைட்ரேட் 3. இனி தினமும் எவ்வளவு போடலாம்? பாறையை மாற்ற வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

0.38! வட்டிதான். பாறையை மாற்றாதீர்கள், ஒன்றரை வருடத் தொட்டியைக் கலைப்பது பாசியைவிடக் கேடு. ஜி.எஃப்.ஓ.வைக் கொஞ்சமாகப் போட்டு, தீர்ந்ததும் மாற்றி, நிறுத்தாமல் ஓட்டுங்கள். பாறையில் இருப்பது மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். ஒரேயடியாக 0.06க்கு இழுப்பதைப் பவளம் தாங்காது. 0.1 பக்கம் நின்றால் போதும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கிவிடாதீர்கள், அங்கேதான் டைனோ (பழுப்புச் சளி போலப் படியும் நுண்ணுயிர்) வரும். அது வந்தால் இந்த முடிப்பாசியே மேல் என்று தோன்றும்.

உப்புத்தண்ணி அக்கா

அளவு கேட்டீங்களே. உங்க பத்து மீனுக்கு ஒன்றரை க்யூப், ராத்திரி விளக்கு இருக்கும்போதே ரெண்டு தடவையா. பகல்ல ஆட்டோ ஃபீடர் வெச்சு சின்னப் பெல்லட் (காய்ஞ்ச குருணைத் தீனி), பொடிப் பொடியா மூணு வேளை. மூணும் சேர்ந்து அரை கிராம். நகை நிறுக்குற சின்னத் தராசுல ஒரு தடவை நிறுத்துப் பாருங்க, அரை கிராம் எவ்வளவு கொஞ்சம்னு தெரியும். ஆன்தியாஸ் முதல்ல பெல்லட்டைத் துப்பும். மைசிஸ் தண்ணியில ஊற வெச்சு, மைசிஸோடவே கலந்து விட்டா பழகிக்கும். இது ஆரம்ப அளவுதான். ரெண்டு வாரம் கழிச்சு முதுகு நிரம்பலைன்னா கூட்டுங்க. க்ளவுன் வயிறு பந்து மாதிரி ஆனா பெல்லட்டைக் குறைங்க.

டாங்குக்கு நோரி (காய வெச்ச கடல்பாசித் தாள்) தரலையே நீங்க! அது நாள் முழுக்க மேயுற மீன். உப்பு, எண்ணெய் சேர்க்காத நோரி, உள்ளங்கை அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் க்ளிப்புல மாட்டுங்க. சாயங்காலம் மிச்சம் இருந்தா எடுத்துடுங்க. நோரி குடுத்தா பாசியை மேயாதுன்னு பயப்பட வேணாம். நீளமா வளர்ந்த முடிப்பாசியை டாங் அவ்வளவா தொடாது. தண்ணி மாத்துறப்ப கையால பிடுங்கி, குழாயோட உறிஞ்சி எடுங்க. கட்டையா வெட்டிவிட்டா பிறகு அது மேயும். டர்போ நத்தை நாலஞ்சு விடுங்க.

துரத்துற ஆணுக்கு வைத்தியம் ரெண்டு இடத்துல தீனி விடறதுதான். இடது பக்கம் முதல்ல விட்டு அவனை அங்க இழுங்க, வலது பக்கம் அந்தப் பொண்ணுக்கு. அப்பவும் தின்னலைன்னா சம்ப்புல தடுப்புப் பெட்டியில பத்து நாள் தனியா வெச்சுத் தேத்துங்க.

தோபாயோ வாசி

பெட்டி வாங்கிவிட்டேன், நோரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன், பக்கத்து வீட்டு நண்பர் பார்த்துக்கொள்வார். அவருக்கு மீன் என்றால் தாராள மனசு.

கொளத்தூர்க்காரன்

அந்தத் தாராள மனசுதான் ஆபத்து தலைவா. மெடிக்கல் ஷாப்ல வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா விப்பாங்க. ஒரு நாள் பெல்லட்டை ஒரு அறையில போட்டுக் குடுத்துட்டு, தீனி டப்பாவைப் பூட்டிட்டுப் போங்க. ஃபீடரை சம்ப் மேல வைக்காதீங்க, ஈரம் ஏறி பெல்லட் கட்டியாயிடும். ஒருநாள் முழுக்க கொட்டாது, மறுநாள் மொத்தமா கொட்டும்.