பிளேஸ்டேஷன் 4-லிருந்து (பிஎஸ்4) பிஎஸ்5-க்கு மாறும் சண்டை கேம் டோர்னமென்ட்: பழைய ஸ்டிக் எல்லாம் என்ன ஆகும்?

கால்வட்டம்:
ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐயாவது பிஎஸ்4-ல் ஓட்டிவிடலாம். டெக்கன் 8 பிஎஸ்4-க்கு வரவே இல்லை, அதனால் மாறித்தான் ஆகணும். 32 பேர், டபுள் எலிமினேஷன் (இரண்டு முறை தோற்றால்தான் வெளியே), இரண்டு கேமும் ஒரே நாளில். 4 கன்சோல் போதுமா? பாதிப் பேரிடம் பிஎஸ்4 ஸ்டிக்தான் (ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் உள்ள பெரிய கன்ட்ரோலர்) இருக்கு. டிஸ்க் வாங்குவதா, டிஜிட்டலா?

பட்டன்செக்:
முதலில் கன்ட்ரோலர். மேட்ச் நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான்.

சோனி லைசென்ஸ் பெற்ற பிஎஸ்4 ஸ்டிக்குகளை இந்த இரண்டு கேமும் பிஎஸ்5-ல் ஏற்கும். பிஎஸ்4-ன் சாதாரண கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 பேட் அப்படி இல்லை. ஹோம் ஸ்க்ரீனில் நகரும், பிஎஸ்5 கேமுக்குள் போனதும் வேலை செய்யாது. அதனால் ஹோம் ஸ்க்ரீனில் அசைகிறதே என்று நம்பி யாரையும் உட்கார வைக்காதீங்க, ட்ரெய்னிங் மோடில் சோதிங்க. ஸ்டிக்கில் மோட் சுவிட்ச் இருந்தால் அது பிசி பக்கம் இருக்கக்கூடாது.

கன்வெர்ட்டரோ (வேறு கன்ட்ரோலரை இணைக்கும் அடாப்டர்), லைசென்ஸ் இல்லாத போர்டோ (ஸ்டிக்குக்குள் இருக்கும் சர்க்யூட்) என்றால் 10 நிமிஷம் விடாமல் ஆடிப் பார்க்கணும். பிஎஸ்4-ல் அப்படிப்பட்ட போர்டுகள் சரியாக 8 நிமிஷத்தில் கனெக்‌ஷனை விட்டுவிடும். இரண்டு நிமிஷ சோதனையில் அந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

அடுத்தது டூயல்சென்ஸ், அதாவது பிஎஸ்5-ன் சொந்த பேட். கேபிளில் செருகி பிஎஸ் பட்டனை அமுக்கியதுமே அந்தக் கன்சோலோடு ப்ளூடூத்தில் இணைந்துவிடும். ஆடி முடித்தவர் கேபிளை உருவிப் பையில் போடுகிறார், பைக்குள் பிஎஸ் பட்டன் அமுங்குகிறது, அங்கே வேறு இருவர் ஆடும் மேட்ச் நடுவில் நிற்கிறது. செட்டிங்ஸில் அக்சசரீஸ் போய் கம்யூனிகேஷன் மெத்தடை யுஎஸ்பி கேபிளுக்கு மாற்றுங்க. அது மட்டும் போதாது. ஒவ்வொருவர் எழுந்ததும் அவருடைய பேடை ப்ளூடூத் லிஸ்ட்டிலிருந்து நீக்கணும். இதற்கென்றே ஒரு ஆளைப் போடுங்க, வீண் செலவில்லை.

பிராக்கெட்_ராணி:
கணக்கு: 32 பேருக்கு டபுள் எலிமினேஷனில் 62 செட் (இருவர் மோதும் ஒரு முழு மேட்ச்), ரீசெட் (அதுவரை தோற்காதவர் ஃபைனலில் தோற்று மறுபடி ஆடுவது) வந்தால் 63. பட்டன் செக்கோடு (ஆடும் முன் பட்டன்களைச் சரிபார்ப்பது) செட்டுக்கு 10 நிமிஷம் வைத்தால், 4 கன்சோலும் சும்மா இல்லாமல் ஓடினாலும் 155 நிமிஷம். கடைசிச் சுற்றுகளில் இரண்டு கன்சோல் காலியாகத்தான் கிடக்கும், எனவே ஒரு கேமுக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினால்தான் 4 போதும்.

டிஸ்க் வாங்கினாலும் பாதி வேலைதான் முடியும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ன் அடிப்படைப் பதிப்பில் 18 கேரக்டர்தான். ரஷீத், எட், அகுமா எல்லாம் தனியாக வாங்கணும். அந்த உரிமை அக்கவுண்டோடு போகும். ஆஃப்லைன் ப்ளேவை (வாங்கியதை இன்டர்நெட் இல்லாமலும் ஓட்ட விடும் செட்டிங்) ஒரு அக்கவுண்டுக்கு ஒரே ஒரு பிஎஸ்5-ல்தான் ஆன் செய்ய முடியும். ஆக, 4 கன்சோலுக்கு 4 அக்கவுண்ட், ஒவ்வொன்றிலும் கேரக்டர் பாஸ் (கூடுதல் கேரக்டர்களின் தொகுப்பு). என்னைக் கேட்டால் டிஜிட்டலே நல்லது, டிஸ்க் கீறல் பயமும் இல்லை.

முதல் நாள் இரவே எல்லாக் கன்சோலிலும் கேம் வெர்ஷன் எண்ணை ஒப்பிட்டுவிட்டு ஆட்டோ அப்டேட்டை ஆஃப் செய்யுங்க.

கால்வட்டம்:
நன்றி. ஸ்லிம் மாடல் வாங்கலாமா?

பட்டன்செக்:
வாங்கலாம். ஆனால் ஸ்லிம்மில் முன்பக்கம் இரண்டுமே யுஎஸ்பி-சி. ஸ்டிக் கேபிள் பெரும்பாலும் பழைய யுஎஸ்பி-ஏ. அந்தப் போர்ட் பின்னால்தான் இருக்கு. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கன்சோலைத் திருப்பினால் எச்டிஎம்ஐ கேபிள் ஆட்டம் கண்டுவிடும். பின்பக்க இரண்டு போர்ட்டிலும் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷனை நிரந்தரமாகச் செருகி, மேசை விளிம்பு வரை இழுத்து டேப் ஒட்டுங்க. டிஸ்க் டிரைவை தனியாக வாங்கி மாட்டினால் முதல்முறை இன்டர்நெட் இல்லாமல் இயங்காது, அதை வீட்டிலேயே முடிச்சிடுங்க.

லோ_லேக்:
ஒன்று விட்டுப்போச்சு. நாலு மானிட்டரும் ஒரே மாடலாக இருக்கட்டும், நாலு கன்சோலிலும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ஹெர்ட்ஸ். ஒன்றில் 120, இன்னொன்றில் 60 என்றால் இன்புட் லேக் (பட்டன் அமுக்கியது திரையில் தெரிய ஆகும் தாமதம்) மாறும், தோற்றவர் சண்டைக்கு வருவது நியாயம்தான். ஸ்ட்ரீம் போகும் கன்சோலில் எச்டிசிபியை (வீடியோவைக் காப்பி எடுக்க விடாத பூட்டு) ஆஃப் செய்யலைன்னா கேப்ச்சர் கார்டில் (வீடியோவை ஸ்ட்ரீமுக்கு எடுக்கும் கருவி) கருப்புத் திரைதான்.

கரன்ட்: முதல் மாடல் பிஎஸ்5-ன் ரேட்டிங் 350 வாட். நாலு சேர்ந்தால் 1,400. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380தான், மானிட்டர் வேறு இருக்கு. ஆடும்போது அவ்வளவு இழுக்காது, இருந்தாலும் இரண்டிரண்டாகப் பிரித்து வேறு வேறு லைனில் போடுங்க. சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைங்க.