கூலன்ட் நிரப்பியபின் சிக்கிய காற்று: ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்

வாட்டர் பம்ப் மாற்றிப் புதுக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நிரப்பித் தரப்பட்ட என் பழைய பெட்ரோல் கார், சேலத்துக்குள் ஓடியவரை எந்தக் குறையும் காட்டவில்லை. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் வெப்பநிலை முள் பாதியைத் தாண்டி ஏறுவதும் சட்டென்று இறங்குவதுமாக இருந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று நீர் புரளும் சத்தமும் கேட்டது. ஓரங்கட்டி ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். எஞ்சின் அவ்வளவு சூடாக இருந்தும் வந்தது வெறும் வெளிக்காற்றுதான்.

ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். அதில் கூலன்ட் சுற்றாமல் காற்று தங்கிவிட்டால் சூடு வராது. நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் தொடுகிறார்கள்? அதனால்தான் ஏர் பிடித்திருப்பது பலருக்கும் தெரியாமலே போகிறது. முள்ளை மட்டும் நம்பவும் முடியாது. சென்சார் காற்றுக் குமிழிக்குள் அகப்பட்டுக்கொண்டால், சிலிண்டர் ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் கீழேயே நிற்கக்கூடும்.

கூலன்ட் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதை நான் ஏற்கவில்லை. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் ஓடிப் பெட்ரோலைத்தான் கூடுதலாகக் குடிக்கும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். சூட்டில் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும். முன்சக்கரங்களை ராம்ப்பில் ஏற்றி, ரேடியேட்டர் வாய் எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கும்படி செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து மெதுவாக ஊற்றினேன் (போர் தண்ணீரின் உப்பு உள்ளே படியும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்). தெர்மோஸ்டாட் அருகிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று ஒரே தாரையாக வந்தபின் இறுக்கினேன்.

பிறகு மூடி போடாமலே ஐடிலில் ஓடவிட்டேன். 80 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறந்தபோது, ஒரு பெரிய குமிழி வெளியேறி, வாய்வரை நின்ற கூலன்ட் விறுவிறுவென்று உள்ளே இறங்கியது. கையுறையோடு ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டபோது மிச்சக் காற்றும் வந்தது. ஃபேன் ஓடி நின்று மறுபடி ஓடும்வரை காத்திருந்து, அளவை நிரப்பி மூடினேன். ஹீட்டரில் அனல் வீசியது. கீழே சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் என்பதால் தெருநாய்கள் நக்கிவிடும், அது கொடிய விஷம்.

* * *

மேலே எழுதிய நண்பரின் முறையிலேயே என் டீசல் வண்டியிலும் ஏர் எடுத்துப் பார்த்தேன். எடுக்க எடுக்கக் குமிழி வந்துகொண்டே இருந்தது. சிக்கிய காற்று என்றால் ஓரளவில் தீர்ந்துவிட வேண்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த சற்று நேரத்திலேயே, ரேடியேட்டர் இன்னும் குளிர்ந்திருக்கும்போது, மேல் ஹோஸ் கல்லாக விறைத்ததைக் கண்டு சந்தேகப்பட்டு ஹெட்டை இறக்கினோம். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருந்தது, வந்துகொண்டிருந்தது சிக்கிய காற்றல்ல, சிலிண்டருக்குள் எரிந்த வாயு. குமிழி ஓயவில்லை என்றால் கூலன்ட்டை மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிராமல் முதலில் கேஸ்கெட்டைச் சோதித்துவிடுங்கள்.