ஒரு பிராந்தியத்தை மட்டும் படித்தால் வேலை கிடைக்குமா?

நெல்லியடிப் பெட்டை:
யாழ் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் இறுதி வருடம். மேற்காசிய (மத்திய கிழக்கு) வெளியுறவுக் கொள்கையில் ஆராய்ச்சி செய்ய ஆசை. அப்பா பத்து வருடம் கட்டாரில் நின்றவர். "அங்கே போய் உழைக்கலாம், அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்கிறார். இந்தப் பாதையில் போனவர்கள் இருக்கிறீர்களா?

பழைய கம்பஸ்காரன்:
தங்கச்சி, நான் டெல்லி ஜே.என்.யூ.வில் (ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம்) படித்தவன். அங்கே மேற்காசியாவுக்கென்றே தனி மையம் உண்டு. முதலில் மொழி. அரபோ பாரசீகமோ தெரியாவிட்டால் மற்றவன் மொழிபெயர்த்ததையே மென்றுகொண்டிருக்க வேண்டும். நானும் மூன்று வருடம் மென்றேன். அப்புறம், எங்கள் ஊர்க் கண்ணால் பாருங்கள். ஈரானுக்குக் கொடுக்கவேண்டிய 25.1 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைக்க 2021 இல் இலங்கை உடன்பட்டது. லண்டனில் இருந்து ஆராய்பவன் அதை ஒரு வரியில் தாண்டிவிடுவான். உங்களுக்கு அது முழு ஆய்வேடு.

கொக்குவிலான்:
சம்பளத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லையே! விரிவுரையாளர் வெற்றிடம் வரும்வரை டியூஷன்தான். அனுபவம்.

நெல்லியடிப் பெட்டை:
சரி அண்ணை, அரபு எழுத்துத் தொடங்கிவிட்டேன். உச்சரிப்புத் திருத்துவது அப்பாதான். முகம் மட்டும் இன்னும் கடுகடுப்பு.