பக்கத்து வீட்டுத் தாத்தாவின் வின்செஸ்டர் 94: என்ன விலை சொல்லலாம்?

கேள்வி (பென்சில்வேனியாவாசி):
பக்கத்து வீட்டுப் பாட்டி, மறைந்த கணவரின் மான் வேட்டைத் துப்பாக்கியை விற்க என்னை உதவச் சொல்கிறார். கணினி வேலை பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு! வின்செஸ்டர் 94, லீவர் வகை (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது), 30-30 அளவுத் தோட்டா. தூக்கிப் பிடிக்கும் இடத்தில் இரும்பின் நீலப்பூச்சு தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது. அவர் மகன் பாலிஷ் போட்டு விற்கலாம் என்கிறார்.

மரக்கட்டை:
ஐயோ, பாலிஷ் வேண்டாம்! பழைய பூச்சு போனால் சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். முதலில் தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொண்டு வரிசை எண்ணைப் பாருங்கள். 1964-இல் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். அதற்கு முந்தையதற்குத்தான் மவுசு.

கேட்டவர்:
எண் 18 லட்சத்தில் தொடங்குகிறது.

மரக்கட்டை:
சரி, அப்படியானால் முந்தையதுதான். 27 லட்சத்துக்குக் கீழே இருந்தால் போதும். ரிசீவரில் (தோட்டா ஏறும் நடு உலோகப் பகுதி) குறிபார்க்கும் தொலைநோக்கி மாட்டத் துளை போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் விலை நன்றாக அடிபடும்.

பழைய வேட்டைக்காரன்:
இந்த மாடல் லட்சக்கணக்கில் விற்றது, அபூர்வம் என்று ஏமாறாதீர்கள். ஏலத் தளங்களில் கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். குழலின் உள்ளே வெளிச்சம் அடித்துத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
துளை இல்லை, உள்ளே பளிச்சென்று இருக்கிறது. மகனிடமிருந்து பாலிஷ் டப்பாவை வாங்கி வைத்துவிட்டேன்.