மினி டிராக்டர்ல ஹைட்ராலிக் ஆயில் ஒழுகுது, ரோட்டவேட்டரும் தானா இறங்குது. உதவுங்க

கல்லிடைக்குறிச்சிப் பக்கம். பிசான நெல்லு நடவுக்குத் தொழி அடிக்கணும் (ரோட்டவேட்டர் போட்டு வயலைச் சேறா உழணும்), வயல்ல தண்ணி கட்டியாச்சு. எங்க மினி டிராக்டர் சீட்டுக்கு அடியில ஆயில் ஒழுகுது. காலையில பார்த்தா தரையில சோத்துத் தட்டு அகலத்துக்கு ஈரம். ரோட்டவேட்டரைத் தூக்கி வச்சா கால் மணி நேரத்துல கீழ வந்துருது. சீல் மாத்தியாச்சு, சரியாகல. நேத்து இன்ஜின் ஓடும்போதே பைப்பைத் தடவிப் பார்த்தேன், இடம் பிடிபடல.

பாவூர்சத்திரத்துக்காரர்:
அண்ணாச்சி, இனிமே கையை மட்டும் விட்டுறாதீங்க. பின் டயர்ல 2 பார் (காத்தழுத்த அளவு) காத்துகூட இருக்காது. தூக்கும்போது இந்த பைப்ல 100 பாருக்கு மேல அழுத்தம். ஊசிமுனை ஓட்டையில வர்ற ஆயில் தோலுக்குள்ள போயிரும். முதல்ல முள்ளு குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட இருக்காது. நேரம் போகப்போக உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி எதுவும் பட்டா விடியட்டும்னு இருக்காம பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அழுத்தத்துல ஆயில் ஏறிட்டுன்னு சொல்லுங்க.

ஓட்டையைக் கண்டுபிடிக்க, ஒழுகுற பக்கத்தை டீசல்ல கழுவித் துடைச்சு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுங்க. நீளக் கம்புல அட்டையைக் கட்டிப் பைப் ஓரமா காட்டுங்க. கண்ணாடி போட்டுக்கோங்க.

சேரன்மகாதேவி மெக்கானிக்:
ஒழுகுறது ஒண்ணு, இறங்குறது வேற. ரெண்டையும் சேர்த்துக் குழப்பாதீங்க. சீட்டுக்கு முன்னால இறங்குற வேகத்தைக் குறைக்கிற குமிழ் இருந்தா, தூக்கினதும் அதை முழுசா மூடுங்க. அப்புறமும் இறங்கினா கோளாறு சிலிண்டர் பிஸ்டன் ஓ-ரிங்ல (ரப்பர் வளையம்). நின்னுட்டா கோளாறு கண்ட்ரோல் வால்வுல. ரெண்டும் உள்கசிவு, வெளியே சொட்டாது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியையும் (டிப்ஸ்டிக்) எடுத்துப் பாருங்க. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தா தொழித்தண்ணி உள்ள போயிருக்கு, மொத்தத்தையும் மாத்தணும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அட்டையில கோடு போட்ட மாதிரி ஆயில் விழுந்துச்சு. பம்புல இருந்து ரோட்டவேட்டரைத் தூக்குற லிஃப்டுக்கு வர்ற இரும்புப் பைப்பு, கிளாம்ப் உரசுற இடத்துல தேஞ்சு ஓட்டை. குமிழை மூடினதும் ரோட்டவேட்டர் ராத்திரி பூரா அப்படியே நின்னுச்சு. பைப்பை வெல்டிங் வச்சா போதுமா?

சேரன்மகாதேவி மெக்கானிக்:
வேண்டாம், புதுசே போடுங்க. கிளாம்புக்கு ரப்பர் வைங்க. கழட்டுறதுக்கு முன்னால ரோட்டவேட்டரைத் தரையில இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை ரெண்டு தடவை மேலும் கீழும் ஆட்டி அழுத்தத்தை விடுங்க. புத்தகத்துல போட்டிருக்கிற ஆயில்தான் ஊத்தணும், இன்ஜின் ஆயில் கூடாது. வால்வை நடவு முடிஞ்சு பார்த்துக்கலாம். அதுவரைக்கும் தூக்கி நிக்கிற ரோட்டவேட்டருக்கு அடியில யாரும் குனிய வேண்டாம், கத்தி மாத்தணும்னா கட்டை முட்டுக் கொடுத்துட்டு மாத்துங்க.